பதில் சாரின் வாக்குமூலம்

கேள்வி முடியும்வரை காத்திருப்பது அந்தக் கல்லூரி நூலகருக்குப் பிறவியிலேயே வராத பழக்கம். யாராவது "சார், இந்த..." என்று வாயெடுத்தாலே போதும், "மூணாவது வரிசை, கீழ்த்தட்டு, பச்சை அட்டை" என்று பதில் வந்து விழும். வந்தவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்திருப்பார். அதற்கும் அவரிடம் பதில் உண்டு. எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பதுவரை சொல்லித்தான் அனுப்புவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பதில் சார். அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாதவர் போல அவர் நடந்துகொண்டார். உள்ளுக்குள் அதில் கொள்ளைப் பெருமை.

பதில்கள் எல்லாம் சரியா என்று கேட்டால், அது வேறு விஷயம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருப்பவை, சரியானவற்றைவிட அழகாக இருக்கும். 'தெரியாது' என்று சொல்லவேண்டிய இடம் வந்தால் அவருடைய நாக்கு ஒரு கணம் தயங்கும், மறுகணம் தானாகவே ஏதோ ஒன்றைத் தயார் செய்து நீட்டிவிடும். பொய் சொல்லவேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது, அவ்வளவுதான். இதை முதலில் கண்டுகொண்டவர் அதே கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் அவர் மனைவி. கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் நின்று ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, அதன் பெயர், வயது, தூரம் எல்லாவற்றையும் மனிதர் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் அந்த நட்சத்திரம் மெல்ல நகர்ந்து விமான நிலையத்தில் இறங்கிவிட்டது.

அப்பேர்ப்பட்டவரையும் ஒரே ஒரு கேள்வி வாயடைக்க வைக்கும். விருந்து, விசேஷம் என்று எங்கேயாவது மனைவியோடு போனால், "ஓ, நீங்களும் அங்கேதான் பாடம் எடுக்கறீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். மனைவி ஆசிரியர் பிரிவு. கழுத்தில் சிவப்பு அட்டை. அவர் 'ஆசிரியர் அல்லாதோர்' பிரிவு. சாம்பல் அட்டை. அந்த 'அல்லாதோர்' என்ற சொல் அவரை வருடக்கணக்கில் குடைந்துகொண்டிருந்தது. தான் என்ன செய்கிறேன் என்று சொல்லாமல், என்ன செய்யவில்லை என்று சொல்லும் பட்டம் உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று மனைவியிடம் பொருமுவார். பொருமல் முடிந்ததும் தானே காபி போட்டுக் குடிப்பார்.

அதனால்தான், கல்லூரி முதல்வர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்ன விஷயத்தைக் கேட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வரும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. நூலகத்தில் எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது, புதிதாக வந்திருக்கும் ஏ.ஐ.யை அதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதெல்லாம் பாடம். நடத்தப்போவது நூலகர். கடைசி நாளன்று வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். அவர் திருப்தி என்று எழுதிவிட்டால் நூலகர் ஆசிரியர் பிரிவுக்கு மாற்றப்படுவார். சிவப்பு அட்டை.

ஒரே ஒரு நிபந்தனை. இது தானே கற்கும் முறை. கேள்வியும் மாணவர்களுடையது, தேடலும் அவர்களுடையது. வழி தெரியாமல் நின்றால் எந்தப் பக்கம் கதவு என்று காட்டலாம், கதவைத் திறந்துவிடக்கூடாது. பதிலை எடுத்துக் கையில் கொடுத்தால் வகுப்பு தோல்வி.

"புரியுதா? நீங்க பதில் சொல்லக்கூடாது. அப்பதான் வாத்தியார் ஆவீங்க" என்றார் முதல்வர்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நூலகர் சிரிக்கப் பார்த்தார். முதல்வர் விளையாடுகிற ஆள் இல்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விடைத்தாள்கள் எல்லாம் சரிந்து தரையில் பரவின. அவற்றைப் பொறுக்கிக்கொண்டே, நடக்கிற காரியமா என்று கேட்டாள். நடத்திக் காட்டுகிறேன் என்றார் அவர். அது அவர் சொன்ன பதில்களில் எந்த வகை என்று அவருக்கே தெரியவில்லை.

வகுப்புக்கு வேண்டிய ஏ.ஐ.யைக் கணினித் துறையினர் தயார் செய்து கொடுத்தார்கள். அதற்கு என்னென்ன படிக்கக் கொடுப்பது, எப்படி நடந்துகொள்ளச் சொல்வது என்பதை நூலகரே எழுதிக் கொடுக்கவேண்டும். கல்லூரி ஆண்டுமலர்கள் அத்தனையையும் அதற்குள் ஏற்றினார். அவற்றில் அவருடைய கட்டுரைகளும் இருந்தன என்பது தற்செயல் இல்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தபோது ஒரு பயம் கிளம்பியது. எல்லாவற்றையும் இதுவே சொல்லிவிட்டால் தன்னை யார் தேடி வருவார்கள்? யாருக்கும் தெரியாமல் ஒரு வரி சேர்த்தார். முக்கியமான எந்தக் கேள்வி வந்தாலும், நூலகரை அணுகும்படி சொல்லவும்.

வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். நாற்சந்தியில் நின்று நின்று குரல் கட்டிப்போன ஒரு போக்குவரத்துக் காவலர். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, விட்ட படிப்பைத் தொடர வந்த ஒரு அம்மா. ஒரு மருந்துக்கடைக்காரர். அதிகம் பேசாத இன்னும் இரண்டு பேர். இந்த இருவரும் எதற்கும் தலையை ஆட்டுவார்கள், தேட ஆரம்பித்தால் மற்ற மூவரையும்விட வேகம்.

முதல் நாளே அந்த வரி தன் வேலையைக் காட்டியது. பழைய காலத்தில் இருமல் மருந்தில் என்ன போட்டார்கள் என்று மருந்துக்கடைக்காரர் ஏ.ஐ.யிடம் கேட்டார். இது முக்கியமான கேள்வி, உங்கள் நூலகரை அணுகவும் என்றது அது. அவர் எழுந்து வந்து நூலகரைக் கேட்டார். நூலகருக்குப் பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, நீங்களே தேடிப் பாருங்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் திரும்பிப் போய் வேறுமாதிரி கேட்டார். நூலகரை அணுகவும். அணுகினார். தேடிப் பாருங்கள். மனிதர் நல்லவர், முகம் சுளிக்காமல் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் காவலர் எழுந்து நடுவில் நின்று, பழக்கதோஷத்தில் கையை நீட்டி அவரை மறித்தார்.

"ரெண்டு பக்கமும் சிவப்பு போட்டா வண்டி எப்படி சார் போகும்?"

சின்ன சார் பெரிய சாரைக் கேட்கச் சொல்கிறார், பெரிய சார் சின்ன சாரைக் கேட்கச் சொல்கிறார், இதுதான் பாடமா என்று இரட்டையரின் அம்மா அப்பாவியாகக் கேட்டாள். அன்றிலிருந்து ஏ.ஐ.க்குச் சின்ன சார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நூலகர் அசடு வழியச் சிரித்தார். அடுத்த வகுப்புக்கு முன்பாகவே அந்த வரியை எடுத்துவிட்டார். ஆண்டுமலர்களை எடுக்கவில்லை. அவற்றில் என்ன ஆபத்து இருக்கப் போகிறது?

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அவர் வாழ்க்கையிலேயே நீளமான வாரங்கள். கண்ணெதிரே ஒருத்தர் தப்பான அலமாரியில் குடைந்துகொண்டிருப்பார். சரியான புத்தகம் இவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். நாக்கு நமநமவென்று ஊறும். வாயை அடைக்க எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயைப் போட்டுக்கொண்டார். அதுவும் போதாத நேரங்களில் பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பதிலை அந்தக் கட்டுகளிடம் சொல்லிவிட்டு வருவார். வீட்டில் மிச்சம் மீதியை எல்லாம் மனைவி கேட்கவேண்டியிருந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டே இருமல் மருந்தின் முழு வரலாற்றையும் கேட்டாள்.

மாணவர்களோ, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் வேறு வழியின்றிக் கற்றுக்கொண்டார்கள். அலமாரி எண்கள் எப்படிப் போகின்றன என்பதை இரட்டையரின் அம்மா நடந்து நடந்தே கண்டுபிடித்தாள். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் பார்த்தால் முழுவதையும் புரட்டவேண்டாம் என்பது பேசாத இருவரில் ஒருவரின் கண்டுபிடிப்பு. சின்ன சாரை வழிக்குக் கொண்டுவந்தது காவலர். அவர் அதை நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. நிறுத்தி விசாரித்தார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். மூன்று விதமான பதில் வந்தால் அத்தனையும் தள்ளுபடி. ஒரே பதில் வந்தாலும் விடமாட்டார். எங்கிருந்து வருகிறாய், யார் அனுப்பியது, காகிதத்தைக் காட்டு என்பார். அது ஏதாவது புத்தகத்தைச் சொன்னால், புத்தகம் உண்மையிலேயே அலமாரியில் இருக்கிறதா, அந்தப் பக்கத்தில் அது எழுதியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாதி நேரம் இருக்காது.

"பார்த்த சாட்சியா, கேட்ட சாட்சியா?" என்பதுதான் அவர் எப்போதும் கேட்பது. கொஞ்ச நாளில் ஐந்து பேரும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் பார்க்க நூலகருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே வலித்தது. தான் சொல்லித்தராத ஒன்றை இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்கிறார்களே என்ற வலி. அந்த வலி கௌரவமானது இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் இருந்தது.

கடைசி நாளுக்கு ஐவரும் சேர்ந்து ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளவேண்டும், அதை மதிப்பீட்டாளர் முன்னால் தேடிக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் தேர்ந்தெடுத்த கேள்வியைக் கேட்டதும் நூலகருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இந்த நூலகக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது?

அவருக்கு மிகவும் பிடித்த கதை அது. கல்லூரி வருவதற்கு முன்னாலிருந்தே அந்தக் கட்டடம் அங்கே நின்றது. கனத்த சுவர்கள். ஆள் எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். தரை மட்டும் ஒரு மூலையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். பென்சில் கீழே விழுந்தால் உருண்டு அந்த மூலைக்குத்தான் போகும். பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் நூலகரே இதை விளக்குவார். இது ஒரு காலத்தில் கருவூலம். காசு எண்ணும்போது கீழே விழுந்தால் யாரும் காலால் மறைக்க முடியாதபடி உருண்டு அந்த மூலைக்குப் போய்விடும். அங்கே ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பான். கேட்டவர்கள் எல்லாம் 'அட' என்று வாயைப் பிளப்பார்கள். அவர் ஆண்டுமலரில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, முதல்வர் கல்லூரியின் சின்னத்திலேயே ஒரு பெட்டகச் சாவியைச் சேர்த்துவிட்டார். கடிதத்தாள், விளம்பரப் பலகை, பேருந்தின் முதுகு எங்கும் அந்தச் சாவி.

சின்ன சார் கருவூலம் என்று சொல்லும், ஐவரும் ஆண்டுமலரை எடுப்பார்கள், மதிப்பீட்டாளர் தலையை ஆட்டுவார், முடிந்தது என்று நூலகர் கணக்குப் போட்டார். தன் சார்பில் பதில் சொல்லத் தன் கட்டுரையே இருக்கும்போது, தான் வாயைத் திறக்கவே வேண்டாம்.

மதிப்பீட்டாளர் வந்தார். குள்ளமான, அவசரமில்லாத அம்மா. சொந்த ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தார். எதைக் கேட்டாலும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். முதல்வர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நூலகரின் மனைவி அன்று மாலை வீட்டுக்குப் போகவில்லை. புத்தகம் தேட வந்தவள் போலப் பின்வரிசை அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் கேள்வியைத் தட்டினார். இந்தக் கட்டடம் கருவூலமாக இருந்தது என்று சின்ன சார் திரையில் அடித்துச் சொன்னது. சரிந்த தரையையும் உருளும் காசையும் வர்ணித்தது. ஆதாரம், கல்லூரி ஆண்டுமலர். பேசாத இருவரும் எழுந்துபோய் மலரைக் கொண்டுவந்து சரியான பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். இருந்தது. முதல்வர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, பாருங்கள் மேடம், எவ்வளவு வேகம் என்றார்.

காவலர் உட்காரவில்லை. கட்டுரையைக் கடைசிவரை படித்தார். கீழே சின்ன எழுத்தில் இருந்ததையும் படித்தார். 'மூத்தோர் வாய்மொழி' என்று இருந்தது. யார் அந்த மூத்தோர் என்று இல்லை. கட்டுரையாளர் பெயருக்குப் பதிலாக 'நூலகர்' என்று இருந்தது.

"மேடம், பார்க்க ரெண்டு சாட்சி மாதிரி இருக்கு. ஆனா சின்ன சாருக்குச் சொன்னது மலரு. மலருக்குச் சொன்னது பெரிய சார். ஒரே ஆள் சட்டையை மாத்திக்கிட்டு வந்திருக்கார்."

சாட்சியை விசாரித்தால்தான் மேலே போகமுடியும் என்று அவர் அனுமதி கேட்டார். முதல்வர் குறுக்கிட்டார். ஆசிரியர் பதில் சொல்லக்கூடாது என்பது விதி, இத்தனை வருடம் இங்கே இருப்பவர் எழுதியிருக்கிறார், அதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்றார். மதிப்பீட்டாளர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். ஆசிரியராகத்தான் பதில் சொல்லக்கூடாது, சாட்சியாகச் சொல்லலாம் என்றார்.

நூலகர் எழுந்து நின்றார். வாயிலிருந்த மிட்டாயை அப்படியே விழுங்கிவிட்டார்.

"சார், கருவூலம்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார் காவலர். மிரட்டல் எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

நாக்கு ஒரு கணம் தயங்கியது. மறுகணம் தயாராகிவிட்டது. ஒரு கிழட்டுக் காவலாளி. இப்போது உயிரோடு இல்லை. வெள்ளை மீசை. அவனுடைய அப்பாவும் இங்கேயே காவல் இருந்தவர். சாவிக்கொத்துச் சத்தம்கூடக் காதில் கேட்டது. இவ்வளவு நல்ல பதில் அவருக்கே அபூர்வமாகத்தான் வரும். செத்தவனை யாரும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. முதல்வரின் கண் கெஞ்சியது. 'ம்' என்றால் போதும், நாளைக்குச் சிவப்பு அட்டை. அலமாரிக்கு அந்தப் பக்கம் மனைவி ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நட்சத்திரம் காட்டப் போகிற முகம் எது என்று அவளுக்குத் தெரியாதா?

அவர் ஐவரையும் பார்த்தார். எழுதத் தயாராக ஐந்து பேனாக்கள். இவர் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். எழுதியதைச் சரிபார்க்கப் போவார்கள். இல்லாத ஒரு காவலாளியை மாலை முழுக்கத் தேடுவார்கள். வேலை முடித்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தவர்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"யாரும் சொல்லல" என்றார்.

காவலர் காத்திருந்தார். இத்தனை வாரத்தில் காத்திருக்கக் கற்றுக்கொண்டவர்.

"ஒருத்தர் வந்தப்போ தரை ஏன் சரிவா இருக்குன்னு கேட்டார். எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வாய் வரல. அதான் கருவூலம்னு சொன்னேன். சொல்லும்போது நல்லா இருந்துச்சு. அப்புறம் எல்லார்கிட்டயும் சொன்னேன், மலர்லயும் எழுதிட்டேன். மூத்தோர்னு போட்டிருக்கே, அது நான்தான்." பிறகு சேர்த்துக்கொண்டார். "சின்ன சாரும் அதையே சொன்னதும், ஒருவேளை நிஜமாத்தான் இருக்குமோன்னு நானே நம்பிட்டேன்."

முதல்வர் தன் சட்டைப்பையில் குத்தியிருந்த கல்லூரிச் சின்னத்தின் சாவியைக் கையால் மூடிக்கொண்டார். மதிப்பீட்டாளர் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. சிவப்பு அட்டை போயே போய்விட்டது என்று நூலகர் முடிவு செய்துகொண்டார். அழுகை வரும்போல இருந்தது. இந்த வயதில் அது வேறா என்று அடக்கிக்கொண்டார்.

காவலர் மட்டும் எழுதியதைப் படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ரொம்ப நன்றி சார். நீங்க போகலாம்" என்றார்.

எங்கே போவது? அவர் இரண்டடி தள்ளிப் போய் நின்றார். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மதிப்பீட்டாளரையும்தான். ஐந்து பேரும் தலைகளை நெருக்கி வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தரை ஏன் சரியும் என்று தனக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சந்தேகம் என்றாள் இரட்டையரின் அம்மா. தன் வீட்டுக் குளியலறைத் தரையும் இப்படித்தான், தண்ணீர் ஓடுவதற்காக. பெரிய சார் காசு என்று சொன்னதால் அவள் சும்மா இருந்துவிட்டாள். சரி, இவ்வளவு பெரிய கூடத்தைத் தண்ணீர்விட்டுக் கழுவவேண்டிய தொழில் எது?

இந்த முறை சின்ன சாரிடம் அவர்கள் பதில் கேட்கவில்லை. பழைய காலத்தில் நிறையத் தண்ணீர் செலவான தொழில்கள் எவை, அந்தக் காலத்தில் அவற்றை என்னென்ன பெயரில் விளம்பரம் செய்திருப்பார்கள் என்று கேட்டார்கள். சாயப்பட்டறை, பனிக்கட்டி ஆலை, தோல் பதனிடும் இடம், சலவைக்கூடம் என்று அது அடுக்கியது. ஆளுக்கொரு தொழிலைப் பிரித்துக்கொண்டு, பின்னறைக்குள் நுழைந்தார்கள். நூலகர் வாரக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அதே செய்தித்தாள் கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடம் முழுக்கத் தூசி பறந்தது. தும்மல் மேல் தும்மல். முதல்வர் யாருக்கோ போன் பேசவேண்டும் என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. வகுப்பு முடியும் நேரம் வந்தது, போனது. ஒருவரும் பையை எடுக்கவில்லை.

கடைசியில் பேசாதவர்களில் ஒருவர் பேசினார். "இங்க வாங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

பழுப்பேறிய தாளில் கால் பக்க விளம்பரம். நீராவிச் சலவைக்கூடம். காலையில் கொடுத்தால் மாலையில் பளிச்சென்று கிடைக்கும் என்று கொட்டை எழுத்து. மேலே கோட்டுப்படமாக ஒரு கட்டடம். வாசல் வளைவும் சின்ன ஜன்னல்களும் அப்படியே இருந்தன. கீழே இருந்த தெருப்பெயரும் கதவு எண்ணும் கல்லூரியுடையவை. காவலர் வெளியே போய் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, பார்த்த சாட்சி என்று அறிவித்தார். மருந்துக்கடைக்காரர் அவர் முதுகில் தட்டினார். ஊரெல்லாம் பெருமையடித்த கருவூலத்தில் யாரோ ஒருவரின் உள்பனியன் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது என்று இரட்டையரின் அம்மா சொல்ல, ஐவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நூலகருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

கூட்டத்துக்குள் தலையை நுழைத்து அவரும் படத்தைப் பார்த்தார். நீராவி வெளியேறத்தான் ஜன்னல்கள் அவ்வளவு உயரத்தில் இருந்திருக்கின்றன. இத்தனை வருடமாகத் தினமும் திறந்து மூடும் ஜன்னல்கள். ஏன் இப்படி என்று ஒருநாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை. அவரிடம்தான் பதில் இருந்ததே. அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டடத்துக்குப் பின்னால், அதைவிட இரண்டு மடங்கு உயரத்துக்குப் புகை கக்கியபடி ஒரு புகைபோக்கி வரைந்திருந்தது.

"இந்தப் புகைபோக்கி எங்க போச்சு?" என்றார்.

நாக்கு தயங்கியது, தயங்கியபடியே நின்றுவிட்டது. தெரியலையே சார் என்றாள் இரட்டையரின் அம்மா. இடித்திருந்தால் அடித்தளமாவது இருக்கவேண்டும் என்றார் காவலர். எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று நூலகர் கேட்டார். ஒருவேளை விளம்பரத்துக்காகச் சும்மா வரைந்ததாக இருக்குமோ என்றும் அவரே கேட்டார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தார். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். போகிற வேகத்தில் மனைவியையும் மதிப்பீட்டாளரையும் அவர் கவனிக்கவே இல்லை.

மதிப்பீட்டாளர் ஃபிளாஸ்கை மூடினார். தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே நூலகரின் மனைவி நின்றிருந்தாள். கையிலிருந்த புத்தகம் இப்போது நேராக இருந்தது. பின்பக்கத்து முற்றத்தில் ஐந்து பேர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மண்டியிட்டு மண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் அட்டை அவர் கழுத்திலிருந்து தொங்கி மண்ணில் புரண்டது.

"ஆசிரியர் பிரிவுக்கு மாத்தலாம்னு எழுதிட்டேன்மா" என்றார் மதிப்பீட்டாளர். "நீங்க அவர் வீட்டுக்காரம்மாதானே? கூப்பிட்டுச் சொல்லிடறீங்களா?"

மனைவி வாயெடுத்தாள். அழைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் மேடம். அவர் கேள்வி கேட்டுக்கிட்டிருக்கார்."